ரேவாஸ் இறந்ததற்குச் சாட்சி

தாஷ்கண்ட்
3 செப்டம்பர் 1958

தங்கை பெஹியாவுக்கு,

உன் இரண்டு கண்களிலும் அண்ணன் ஹெசீபின் முத்தம். நான் சுகமாக இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் எப்படி?

முதல் வரியை வாசித்ததும் கடிதத்தைக் கீழே போட்டிருப்பாய். எடுத்துக்கொள். நான்தான். நம்பிக்கை வராவிட்டால் இதைக் கேள்: ஏழு வயதில் நீ அப்பாவின் கடிகாரச் சாவியை விழுங்கினாய். மூன்று நாள் நாம் இருவரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கடிகாரம் நின்றுபோனதற்கு அப்பா கடைக்காரனைப் பிடித்து உலுக்கினார். இது நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மஹாபாத்தில் நம் இனத்தார் அமைத்த அரசு ஒரு வருடம்கூட நிற்காமல் விழுந்ததும், அச்சுக்கூடத்தில் வேலை செய்த மூன்று பேர் வடக்கே ஓடினோம். டிசம்பர் மாதம். எல்லையில் ஓடும் அராஸ் ஆற்றில் கரையோரம் பனி, நடுவில் தண்ணீர். ஒருவன் அங்கேயே போனான். நானும் இன்னொருவனும் அக்கரை ஏறினோம். அந்தப் பக்கத்து எல்லைக் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதென்று பொய்ப்பெயர் சொன்னேன். ஹசன் அஸீஸோவ் என்று எழுதினார்கள். இன்றும் காகிதத்தில் அதுதான். நிலக்கரிச் சுரங்கச் சிறையில் எட்டு வருடம். கூட வந்தவன் இரண்டாம் வருடம் இறந்தான். பிறகு விட்டார்கள். இப்போது இங்கே டிராம் பணிமனையில் பிட்டர். இடக்கையில் இரண்டு விரல் இல்லை. மற்றபடி குறையில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். முதலில் எழுத விடவில்லை. பிறகு விட்டார்கள், நான் எழுதவில்லை. காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆயுதத்தோடு எல்லை கடந்து வந்த நம் ஆட்கள் ஐந்நூறு பேர் இந்த நாட்டில் இருக்கிறார்கள். இந்த ஊரில் அவர்களுக்கு ஒரு மன்றம் உண்டு. தேநீர் குடிக்கப் போவேன். அவர்களுக்கும் நான் ஹசன்தான். பாக்தாதில் ராஜா விழுந்த பிறகு அங்கே எந்நேரமும் ரேடியோ. போன மாதம் அதில் ஒருவர், "அராஸ் ஆற்றில் உயிர்நீத்த மாபெரும் கவிஞர் ரேவாஸ்" என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன்.

வசந்தத்தில் மலையில் முளைக்கும் புளிப்புத் தண்டைத் தின்றுகொண்டே எழுதுகிறேன் என்று சினேகிதர்கள் கேலியாக வைத்த பெயர், ரேவாஸ். அதற்குப் போய் ஐம்பது ஆண்கள் எழுந்து நிற்கிறார்கள்.

இரண்டு கவிதை வாசித்தார்கள். முதலாவது என்னுடையது. இரண்டாவதை நான் எழுதவில்லை. யாரோ போட்டிருந்த ஒரு கோட்டு பற்றியது. ரேடியோக்காரர்கள் எதையோ கலந்துவிட்டார்கள். முடிந்தால் சொல்லி வை.

ஏப்ரலில் இந்த ஐந்நூறு பேரும் கப்பலில் ஊர் திரும்புவார்கள் என்கிறார்கள். பட்டியல் எழுதுகிறார்கள். பெயர் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன்.

அம்மா அப்பாவுக்கு என் வணக்கம்.

ஹெசீப்


சுலைமானியா
26 அக்டோபர் 1958

அண்ணா,

உன் கையில் என் முத்தம், விரல் இல்லாத இடத்திலும். இங்கே இருப்பவர்கள் சுகம். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது? சின்ன வயதில் குளிர் வந்தால் இழுக்குமே.

அம்மா 1951இல் போய்விட்டாள். சிறுநீரகம். அப்பா இரண்டு வருடம் கழித்து. இருவரும் அதிகம் கஷ்டப்படவில்லை. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணவர் ஷெவ்கத், மருந்துக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். இரண்டு பெண் குழந்தைகள்.

பதில் எழுத நாளாகிவிட்டது. பள்ளியில் தேர்வு. அப்புறம் சின்னவளுக்கு அம்மை.

உன் கடிதத்தை ஷெவ்கத்திடம்கூட இன்னும் காட்டவில்லை. அங்கே உன் காகிதத்தில் வேறு பெயர் இருக்கும்போது நாம் அவசரப்பட்டு ஏதாவது செய்து உனக்குக் கெடுதல் வரக்கூடாது. இனிமேல் பள்ளி விலாசத்துக்கே எழுது. தாஷ்கண்டில் மாதர் சங்கம் ஒன்று எனக்கு எழுதுகிறது என்று ஆயாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊர் மாறிவிட்டது. நம் தெருவுக்கு உன் பெயர். ஆண்கள் பள்ளி ஒன்றுக்கும் உன் பெயர். வாசகசாலையில் உன் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. பதினெட்டு வயதில் எடுத்த படம்தான். தியாகிக்கு மீசை இல்லாமல் இருக்கக்கூடாதென்று ஸ்டூடியோக்காரர் மீசை வரைந்துவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறது.

மாமோஸ்தா ரெஷீத்தை நினைவிருக்கிறதா? உனக்கு நான்காம் வகுப்பு எடுத்தவர், பிறகு பத்திரிகை நடத்தினார். ஊரே அவரை மாமோஸ்தா என்றுதான் கூப்பிடுகிறது. இப்போது நம் இனத்துப் பெரியோர்களின் வரலாற்றை ஒரே நூலாகத் தொகுக்கிறார். சுல்தான்களோடு சண்டையிட்டவர்கள், இளவரசிகள், அறிஞர்கள், பாடகர்கள் என்று நானூறு பேர். உனக்கு மூன்று பக்கம்.

விரல்கள் வலிக்கிறதா? அங்கே கம்பளிச் சட்டை கிடைக்கிறதா? நெஞ்சைக் கவனித்துக்கொள்.

உன் பெஹியா


தாஷ்கண்ட்
20 நவம்பர் 1958

பெஹியா,

உன் கண்களுக்கு முத்தம். நெஞ்சு இழுப்பதில்லை. விரல்கள் வலிப்பதில்லை, அவை இல்லை. கம்பளிச் சட்டை உண்டு. நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன்.

அம்மா போனதை வாசித்தேன். வாசித்துவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போனேன். ஒரு டிராமின் பிரேக் கட்டையை மாற்றினேன். திரும்பி வந்து மறுபடி வாசித்தேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை. என்னோடு அறையில் இருக்கும் தாத்தார் கிழவர் என்னவென்று கேட்டார். "அம்மா இறந்துட்டாங்க" என்றேன். "எப்போ?" என்றார். "ஏழு வருஷம் முன்னாடி." ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இப்படி மரத்துப்போனது எப்போது என்று எனக்குத் தெரியாது. குளிரில் விரல் போனபோதும் அப்படித்தான், பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மன்றத்துக்குப் பாக்தாதிலிருந்து புத்தகக் கட்டு வந்தது. அதில் 'ரேவாஸ் கவிதைகள்' என்ற புத்தகமும் இருந்தது. வரைந்த மீசையைப் பார்த்தேன். வாங்கி வந்து எண்ணினேன். அராஸில் விட்டுவந்த கோட்டிலிருந்த நோட்டில் நான் எழுதியிருந்தது பதினொன்று. புத்தகத்தில் நாற்பத்தொன்று. என் பதினொன்றில் இரண்டைக் காணவில்லை. ஆக முப்பத்திரண்டு யாருடையது?

நான் எழுதவில்லை. மறந்தும் போகவில்லை. சிறையில் பெயரைக்கூட மறந்தவர்கள் உண்டு, எனக்கு அந்த வியாதி இல்லை.

இன்னொன்று. தபால் இருபது நாள் எடுக்கிறது. மீதி ஒரு மாதம் உன்னுடையது. அம்மை, தேர்வு, எல்லாம் சரி. என் நெஞ்சை இரண்டு தரம் விசாரித்திருக்கிறாய். நான்கு பக்கம் எழுதியவள் "வா" என்று ஒரு சொல் எழுதவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டது.

முப்பத்திரண்டும் யாருடையது, பெஹியா?

ஹெசீப்


சுலைமானியா
28 டிசம்பர் 1958

அண்ணா,

சுகமாக இரு. நானும் சுகம். குழந்தைகள் சுகம். விசாரிப்பு இந்த முறை இவ்வளவுதான்.

என்னுடையது.

1947 பிப்ரவரியில் எல்லை தாண்டி வரும் ஒரு தேயிலை வியாபாரி உன் கோட்டைக் கொண்டுவந்தான். பனி மேல் கிடந்ததாம். உள்பையில் நோட்டு. மூன்று நாள் துக்கம் வைத்தோம். உடல் இல்லாததால் பெண்கள் அறையில் பாய் விரித்து, அதன்மேல் உன் கோட்டைக் கிடத்தி, கைகளை நேராக நீவி வைத்தார்கள். சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக ஒப்பாரி சொன்னார்கள். ஆண்கள் சுவருக்கு அந்தப் பக்கம். ராபியா அத்தை நோட்டை என் மடியில் வைத்தாள். எனக்குப் பதினெட்டு வயது. யார் முகத்தையும் பார்க்கத் தைரியமில்லாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தது. வாய் தானாகத் திறந்தது.

ஐந்து பொத்தானும் போட்டுத்தானே அனுப்பினேன்,
இந்தக் கோட்டிலிருந்து உன்னை யார் கழற்றினார்?

இப்படி ஆரம்பித்து எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. முடித்தேன். வாசலுக்கு வெளியே இருமல் கேட்டது. மாமோஸ்தா ரெஷீத்.

"பொண்ணே, கடைசியாப் படிச்சியே, அதை இன்னொரு தரம் நிதானமாப் படி. எழுதிக்கறேன்."

"நான் படிக்கல மாமோஸ்தா..."

அத்தை என் தொடையைக் கிள்ளினாள். "பெரியவர் வாசல்ல நின்னு கேக்கறார். வெக்கப்படற நேரமா இது? அண்ணன் எழுதினதைப் படிடி."

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் படிப்பதாகத்தானே நினைப்பார்கள்? துக்க வீட்டில் பெண் சொன்ன ஒப்பாரி அன்றோடு காற்றில் போய்விடும், யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அதை எழுதிக்கொள்கிறேன் என்று ஒரு ஆண் வந்து நின்றால், அது இன்னொரு ஆண் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். நான் சொன்னேன். அவர் எழுதினார். மூக்கைச் சிந்திக்கொண்டு, "நம்ம ஹெசீப் இவ்வளவு பெரிய ஆள்னு தெரியாமப் போச்சே காதிர்" என்றார். அவர் தோளுக்குப் பின்னால் அப்பா நின்றார். உன்னைக் கவிதை எழுதாதே என்று பெல்ட்டால் அடித்த அப்பா. அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதைப் பார்த்த பிறகு நான் எப்படி மாற்றிச் சொல்வது, நீயே சொல்.

அடுத்த வருடம் அதே நாளில் கேட்டார்கள், "இன்னும் இருக்கா?" இருந்தது. அதற்கடுத்த வருடமும் இருந்தது. உன் இரண்டு கவிதைகளை மாமோஸ்தாதான் எடுத்துவிட்டார். "இது ரேவாஸ் நடையே இல்ல, யாரோ நடுவுல எழுதிச் சொருகியிருக்கான்" என்றார். நான் வாதாடிப் பார்த்தேன், அண்ணா.

அம்மாவுக்குத் தெரியும். அவள் அந்த அறையில் இருந்தாள், அவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் என் குரல் தெரியும். பன்னிரண்டு பக்கத்து நோட்டு எப்படி வருடா வருடம் தீராமல் இருக்கிறதென்று ஒரு நாளும் கேட்டதில்லை. கடைசி வாரத்தில் தலையணையில் சாய்ந்துகொண்டு, "இப்பவும் அவன் எழுதறானா?" என்றாள். "எழுதறாம்மா" என்றேன். "நல்லா சாப்பிட்டுட்டு எழுதச் சொல்லு" என்றாள்.

திட்டுவதென்றால் திட்டு.

பெஹியா


தாஷ்கண்ட்
22 ஜனவரி 1959

பெஹியா,

உன் கண்களுக்கு முத்தம். இங்கே குளிர். உடம்பு நன்றாக இருக்கிறது.

கோட்டை யாரும் கழற்றவில்லை. நானேதான் கழற்றினேன். நனைந்து கனத்துவிட்டது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

முப்பத்திரண்டையும் வாசித்துவிட்டேன். பிரிந்தவன் ஊரை நினைத்து உருகுகிறான், வீட்டு அடுப்பு ரொட்டியின் வாசனைக்கு அழுகிறான், கெய்ஜா மலையில் முதல் பனி விழுவதை எண்ணி ராப்பகலாகத் தவிக்கிறான். நான் ஒரு நாளும் அப்படித் தவிக்கவில்லை. சுரங்கத்தில் நான் நினைத்ததெல்லாம் காலுறை. நான் பட வேண்டியதை நீ வீட்டில் உட்கார்ந்து பட்டிருக்கிறாய். வாசிக்கும்போது வேறு யாரோ ஒருவனுடைய அண்ணனைப் பற்றி வாசிப்பதுபோல் இருந்தது. நல்லவன். எனக்குப் பிடித்திருந்தது.

உன்னுடையவை என்னுடையவற்றைவிட மேல். முகஸ்துதி இல்லை. எடுத்துப் போட்ட இரண்டும் மட்டமானவைதான். மாமோஸ்தாவுக்குக் காது இருக்கிறது.

நானும் சோதித்துப் பார்த்தேன். காகிதம் வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். ஒரு வரி வரவில்லை. வருத்தமும் வரவில்லை.

திட்ட ஒன்றுமில்லை. பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டேன். வந்து இறங்கியதும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், "இவை என் தங்கை எழுதியவை, ரேவாஸ் அவள்தான்" என்று. மாமோஸ்தா மூன்று பக்கத்தையும் உன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஹெசீப்


சுலைமானியா
24 பிப்ரவரி 1959

அண்ணா,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் சுகம்.

சந்தோஷமா? உனக்கு ஆண்புத்தி போகவே இல்லை. சிறையிலும் அதைக் கழற்றி வாங்கவில்லை போலிருக்கிறது.

நான் ஆழம் பார்த்தேன். போன வாரம் மாமோஸ்தா வீட்டுக்கு வந்தார். தேநீர் வைத்துவிட்டு விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"மாமோஸ்தா, பத்தொன்பதாவது பாட்டு இருக்கே, கழுத்து மச்சம்னு வருமே. அதை ஒரு பொண்ணு எழுதியிருந்தா?"

சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி சிரித்தார். "பொண்ணு எழுதியிருந்தா அது யார் கழுத்துன்னு ஊரே விளக்கு வெச்சுத் தேடும்மா. ரேவாஸ் எழுதினதால அது தாய்நாட்டோட கழுத்து."

ஷெவ்கத் பக்கத்தில்தான் இருந்தார். அவரும் சிரித்தார். அவருடைய கழுத்தில் மச்சம் கிடையாது, அண்ணா. யாருடைய கழுத்திலும் கிடையாது. பாட்டுக்கு வேண்டியிருந்தது, வைத்தேன். இதை ஊரில் எத்தனை பேர் நம்புவார்கள்? என் பெண்களை எந்த வீட்டில் கட்டிக்கொள்வார்கள்? பன்னிரண்டு வருடம் செத்த அண்ணன் பெயரில் ஊரை ஏமாற்றியவள் என்று பள்ளிக்கூடத்தில் என்னை வைத்துக்கொள்வார்களா?

அதைவிட மோசம். மாமோஸ்தாவுக்கு நோட்டு வேண்டுமாம். உன் கையெழுத்தைப் படமெடுத்து நூலில் போட வேண்டுமாம். பதினொன்றுதான் அதில் இருக்கிறது என்று தெரிந்துபோகும். ஜூன் வரை தள்ளிப் போட்டிருக்கிறேன். உன் இறந்த தேதியும் வேண்டுமாம். "சாட்சி இல்லாம நான் ஒருத்தரையும் சாகடிக்க மாட்டேன். இந்த நூல்ல நானூறு பேரையும் அத்தாட்சியோடதான் சாகடிச்சிருக்கேன்" என்கிறார். தாஷ்கண்ட் மன்றத்துக்கே எழுதிக் கேட்டிருக்கிறார். சுவரில் அறிவிப்பு ஒட்டுவார்கள், பார்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் முதல் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்று படித்ததும் எனக்கு வந்தது பயம். அடுத்தது கோபம். இவன் வந்தால் நான் இனி எப்படி எழுதுவேன் என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்காக எத்தனை வருடம் அழுதேன், நீ வந்தபோது எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அந்த ஒரு மாதம் நான் செய்தது அதுதான். கடிதத்தை வைத்துக்கொண்டு அழப் பார்த்தேன்.

கடவுள் என்னை மன்னிக்கட்டும். வா. எழுதிவிட்டேன், பார். வா, அண்ணா. வந்து எதையும் சொல்லாதே, அல்லது சொல், ஆவது ஆகட்டும். உனக்கு டோல்மா செய்து போடுகிறேன். மீதியைப் பிறகு பார்ப்போம்.

பெஹியா


தாஷ்கண்ட்
6 ஏப்ரல் 1959

பெஹியா,

உன் கண்களுக்கு முத்தம். நான் சுகம்.

ரயில் வியாழக்கிழமை புறப்பட்டது. கருங்கடல் போய் அங்கிருந்து கப்பல். நான் நிலையம் வரை போனேன். பெட்டியும் எடுத்துப் போயிருந்தேன். எல்லோரும் பாடினார்கள். உன் கோட்டுப் பாட்டைத்தான். பக்கத்தில் நின்ற ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஹசன், நீ மட்டும் கல்லு மாதிரி நிக்கற?" என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

தியாகம் என்று நினைத்துவிடாதே. எனக்கு அங்கே வந்து ரேவாஸாக இருக்கத் தெம்பில்லை. ஊரே அழுதுகொண்டு எதிரே வரும், நான் இந்த முகத்தோடு போய் இறங்க வேண்டும். அவர்களுக்கு உன் ரேவாஸைத்தான் தெரியும். அவன் நல்லவன், அவனே இருக்கட்டும்.

மன்றத்துச் சுவரில் மாமோஸ்தாவின் அறிவிப்பைப் பார்த்தேன். இன்றே பதில் எழுதிவிட்டேன். நீ நோட்டைப் பற்றி இனிப் பயப்பட வேண்டாம். அவர் வாசித்துக் காட்டும்போது ஆச்சரியப்பட்டதுபோல் இரு.

ஹெசீப்


தாஷ்கண்ட்
6 ஏப்ரல் 1959

மதிப்பிற்குரிய மாமோஸ்தா ரெஷீத் அவர்களுக்கு,

முகம் அறியாத ஹசன் அஸீஸோவின் வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

கவிஞர் ரேவாஸின் முடிவைப் பற்றி அறிந்தவர் எழுதவும் என்ற தங்கள் அறிவிப்பைக் கண்டேன். அவருடன் ஆற்றைக் கடந்தவன் நான். 1946 டிசம்பர் 28, காலை ஒன்பது மணியளவில், கரைக்கு இருபது அடி இருக்கையில் பனி உடைந்து அவர் மூழ்கினார். கண்ணால் பார்த்தேன். கோட்டைக் கழற்றிப் பனி மேல் எறிந்துவிட்டுத்தான் மூழ்கினார். அதில் நோட்டு இருந்தது. இதைத் தாங்கள் சாட்சியாக அச்சிடலாம்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆற்றுக்கு முந்தைய பத்து நாள் நாங்கள் மலையில் ஒளிந்திருந்தோம். ஓயாமல் கவிதை சொல்லிக்கொண்டிருந்தார். "எழுதி வெக்கலியா?" என்று கேட்டேன். "காகிதம் நனைஞ்சுடும். பத்துப் பன்னெண்டுதான் நோட்டுல இருக்கு. மத்ததெல்லாம் ஊர்ல என் தங்கச்சிக்கு மனப்பாடம். அவளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் எழுதவே செய்வேன்" என்றார். எத்தனை என்று கேட்டதற்கு, நூறுக்கு மேல் இருக்கும் என்றார். அவர் வாயால் கேட்டதால் எழுதுகிறேன்: அந்தத் தங்கை சொல்வதே ரேவாஸின் கவிதை. அவரைக் கேட்காமல் எதையும் சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம்.

எனக்குத் தங்கள் ஊரில் உறவினர் யாரும் இல்லை. இங்கேயே இருந்துவிட்டேன்.

தங்கள் நூல் நல்லபடி நிறைவேறட்டும்.

ஹசன் அஸீஸோவ்
டிராம் பணிமனை


சுலைமானியா
11 ஜூன் 1959

மதிப்பிற்குரிய ஹசன் அஸீஸோவ் அவர்களுக்கு,

மறைந்த ஹெசீபின் தங்கை பெஹியாவின் வணக்கம். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் இறைவன் கருணையால் நலம்.

இந்தக் கடிதத்தை மாமோஸ்தா ரெஷீத் அவர்கள் முன்னிலையில் எழுதுகிறேன். என் கணவரும் உடன் இருக்கிறார். அவர்கள் வாசித்த பிறகு மாமோஸ்தாவே தபாலில் சேர்ப்பார்.

தங்கள் சாட்சியம் போன மாதம் வாசகசாலையில் வாசிக்கப்பட்டது. இடம் போதாமல் ஆட்கள் தெருவில் நின்றார்கள். மாமோஸ்தா இரண்டு இடத்தில் வாசிக்க முடியாமல் நிறுத்தினார். நோட்டைப் படமெடுக்கும் யோசனையை விட்டுவிட்டார். "இனி நோட்டு எதுக்கு? உயிருள்ள நோட்டு இங்க உக்காந்திருக்கு" என்று என்னைக் காட்டினார். மீதி அறுபதையும் சொல்லச் சொல்லிப் பாக்தாதிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நீங்கள் நூறு என்று எழுதியதால் எனக்கு வேலை அதிகம்.

தேதி உறுதியானதால் மறுபடி மூன்று நாள் துக்கம் வைத்தோம். இந்த முறை பாயின்மேல் வைக்கக் கோட்டுகூட மிஞ்சவில்லை. வெறும் பாயைச் சுற்றி உட்கார்ந்தோம். என் முறை வந்தபோது எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அழுகைதான் வந்தது. இத்தனை மாதம் வராமல் நின்றது எல்லாம் வந்தது. பெண்கள் பயந்துபோய்த் தண்ணீர் தெளித்தார்கள். முதல் தடவைகூட நான் அப்படி அழவில்லை என்று ராபியா அத்தை சொன்னாள். முதல் தடவை அவன் இறக்கவில்லையே என்று சொல்லவா முடியும்? மன்னிக்கவும், மனத்துக்கு அப்போது உறைக்கவில்லை என்ற பொருளில் எழுதினேன்.

என் அண்ணனை நீங்கள் கடைசியாகப் பார்த்தவர். அவனுக்கு அந்த நேரத்தில் குளிர்ந்ததா என்று எழுதவில்லை. நான் கேட்க விரும்பியது அது ஒன்றுதான்.

ஆனால் நீங்கள் பதில் எழுத வேண்டாம். உங்கள் பெயரும் விலாசமும் இப்போது ஊருக்கெல்லாம் தெரியும். ரேவாஸைக் கண்ட சாட்சி எழுதியது என்று, எந்த விலாசத்துக்கு வந்தாலும் கடிதத்தை முதலில் மாமோஸ்தாவிடம்தான் கொடுப்பார்கள். நானும் இனி எழுத முடியாது. அண்ணனுக்கு என்றால் நான் ஆயுள் முழுக்க எழுதியிருப்பேன். உறவில்லாத ஓர் ஆணுக்குக் கல்யாணமான பெண் நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதலாம். இரண்டாவது எழுதக்கூடாது.

எங்களுக்கு உதவி செய்வதாக எண்ணி அந்தக் கடிதத்தை எழுதினீர்கள். எழுதும்போது இது உங்களுக்குத் தோன்றியிருக்காது. என் அண்ணனும் அப்படித்தான், எதையும் பாதிதான் யோசிப்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெஹியா காதிர்